பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா? இனிப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவைக்கும் 'இறைச்சி அலர்ஜி'

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை செங்கம் சாலையில் கால் வைக்க இடமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க டீக்கடை, சுண்டல் வண்டி, பஞ்சாமிர்த டப்பா, பால்கோவா, கடலை மிட்டாய், கலர் கலராக ஜெல்லி பாக்கெட். அந்தக் கடைகளில் ஒன்றில் போய், "அண்ணே, இந்த மிட்டாய்ல மாடு, பன்னி எதுவும் கலக்கலையே?" என்று கேட்டுப் பாருங்கள். "கோயில் ஊர்ல வந்து என்ன கேள்வி இது சாமி?" என்று கடைக்காரர் முறைப்பார், இல்லையென்றால் சிரிப்பார்.

ஆனால் அந்தக் கேள்வியை உயிர் பயத்தோடு கேட்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது மதமோ, கொள்கையோ சம்பந்தப்பட்ட விஷயம் கிடையாது. அலர்ஜி. ஆடு, மாடு, பன்றி என்று பாலூட்டிகளிலிருந்து வரும் உணவு உடம்புக்குள் போனால் தோல் தடிக்கும், வயிறு முறுக்கும், சிலருக்கு மூச்சே அடைக்கும். 'ஆல்ஃபா-கேல் சிண்ட்ரோம்' என்று பெயர். நம்மூரில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயரே புதிது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கும், அங்கிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள், பேரப் பிள்ளைகளுக்கும் புதிதாக இருக்காது.

சைவ ஊரில் இவர்களுக்கு என்ன பிரச்னை என்று தோன்றலாம். பிரச்னை இனிப்பில்தான்.

உண்ணி கடித்தால் மட்டன் ஆகாது!

பாலூட்டிகளின் உடம்பில் ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அது இல்லை. கோழியிலும் மீனிலும் இல்லை. சிலவகை உண்ணிகள் மனிதனைக் கடிக்கும்போது அவற்றின் எச்சில் வழியாக இந்த மூலக்கூறு உள்ளே போகிறது. நம் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு மட்டனிலோ பீஃபிலோ அதே மூலக்கூறு வந்தால், "எதிரி வந்துட்டான்" என்று உடம்பு கொந்தளிக்கிறது.

கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. 'செடுக்ஸிமாப்' என்ற புற்றுநோய் மருந்தை ஊசியில் ஏற்றியதும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் நிறையப் பேருக்கு ஒவ்வாமை வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008-ல் காரணத்தைச் சொன்னார்கள். மருந்தில் இருந்த ஆல்ஃபா-கேல்தான் அது. ஊசி போடும் முன்பே அந்த நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஐ.ஜி.இ தயாராக இருந்தது. எங்கிருந்து வந்தது? அந்த மாநிலங்களில் அதிகம் இருக்கும் 'லோன் ஸ்டார்' உண்ணியிலிருந்து. வேடிக்கை என்னவென்றால், மலைப்பாதையில் நடக்கப் போய் உண்ணிக்கடி வாங்கிய பிளாட்ஸ்-மில்ஸுக்கே, பிறகொரு நாள் ஆட்டுக்கறி சாப்பிட்ட ராத்திரியில் உடம்பெல்லாம் தடித்தது. ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஷெரில் வான் நூனனும் உண்ணிக்கடிக்கும் இறைச்சி அலர்ஜிக்கும் உள்ள தொடர்பைத் தன் நோயாளிகளிடம் கவனித்துப் பதிவு செய்தார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் நாளிதழ்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது ஸ்க்ரப் டைஃபஸ். அது வேறு பூச்சி, வேறு நோய், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குணமாகும் தொற்று. ஆல்ஃபா-கேல் தொற்று கிடையாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, 2010 முதல் 2022 வரை ஆய்வகப் பரிசோதனைகளில் 1,10,000-க்கும் மேற்பட்ட சந்தேகத்துக்குரிய நோயாளிகளைக் கண்டறிந்ததாக 2023-ல் அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை 4,50,000 வரை இருக்கலாம் என்பது அதன் கணிப்பு. அதைவிட அதிர்ச்சி, அங்கே கேட்கப்பட்ட மருத்துவர்கள், மருத்துவப் பணியாளர்களில் 42 சதவிகிதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

நாலு மணி நேரம் கழித்து...

வேர்க்கடலை அலர்ஜி இருப்பவருக்கு சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கும். என்ன சாப்பிட்டதால் வந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஆல்ஃபா-கேல் அப்படி இல்லை. பெரும்பாலும் 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் காட்டும். கொழுப்பு ஜீரணமாகி ரத்தத்தில் சேர நேரமாவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இதைக் கிரிவலத்தோடு பொருத்திப் பாருங்கள். மாலை 6 மணிக்கு ராஜகோபுரத்தருகே ஏதோ ஒரு இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குகிறார் ஒருவர். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று தரிசித்தபடி போய், ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது மணி பத்து. அப்போது வயிறு வலிக்கிறது, உள்ளங்கை அரிக்கிறது. "நடந்த களைப்பு, வெயில் சூடு, தண்ணி ஒத்துக்கல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆறு மணி இனிப்பை யார் நினைப்பார்கள்? கூடுதலாக, உடற்பயிற்சியும் மதுவும் இந்த அலர்ஜியைத் தூண்டிவிடக்கூடியவை என்பதையும் மருத்துவர்கள் குறித்திருக்கிறார்கள்.

சந்தேகப்படாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு மரணம் சாட்சி. நியூ ஜெர்சியைச் சேர்ந்த 47 வயதுக்காரர், குடும்பத்தோடு முகாம் போன இடத்தில் இரவு பீஃப் ஸ்டேக் சாப்பிட்டார். நள்ளிரவுக்குப் பிறகு கடும் வயிற்றுவலி, வாந்தி. காலையில் சரியாகிவிட்டது, விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு விருந்தில் ஹாம்பர்கர். சுமார் நாலு மணி நேரத்தில் மீண்டும் உடம்பு முடியாமல் போய், அன்றிரவே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் காரணம் பிடிபடவில்லை. மனைவி விடாமல் கேட்டதால், ரத்த மாதிரி பிளாட்ஸ்-மில்ஸ் குழுவிடம் போனது. ஆல்ஃபா-கேல் சிண்ட்ரோமால் நேர்ந்த மரணம் என்று 2025 நவம்பரில் அவர்கள் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர் கணுக்காலில் பூச்சிக்கடித் தழும்புகள் இருந்ததை மனைவி நினைவுகூர்ந்தார். சாதாரண கடி என்றே அந்தக் குடும்பம் நினைத்திருந்தது.

அவர் சாப்பிட்டது இறைச்சி, அளவும் அதிகம். ஒரு மிட்டாயில் இருப்பது அதைவிட மிகக் குறைவு, எல்லா நோயாளிக்கும் அது ஒத்துக்கொள்ளாமல் போவதும் இல்லை. ஆனால், யாருக்கு எவ்வளவு தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால்தான் பாக்கெட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

பச்சைப் புள்ளி எதைச் சொல்கிறது?

பாக்கெட் உணவுகளில் சைவம், அசைவம் காட்டும் குறி நம் நாட்டுக்குக் கிடைத்த வரம். வெளிநாட்டு நோயாளிகள் இதைப் பார்த்துப் பொறாமைப்படலாம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம் (முன்பு இதுவும் வட்டமாகத்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் புரியவேண்டும் என்றுதான் முக்கோணமானது).

இந்த அலர்ஜிக்காரர்கள் இனிப்பில் முதலில் பயப்பட வேண்டியது ஜெலட்டினுக்கு. பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றை வேகவைத்து எடுக்கும் பொருள் அது. மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், சில ஜெல்லிகள், சில புட்டிங் பவுடர்களில் இருக்கும். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு எல்லாம் அடுத்த வரிசை. இவை எதைச் சேர்த்தாலும் பச்சைக் குறி போட முடியாது. ஆக, பச்சை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி பால். நம் சட்டத்தில் அசைவத்துக்கான வரையறையிலேயே பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பால்கோவா, நெய் மைசூர்பாகு, திருநெல்வேலி அல்வா, மில்க் சாக்லேட் எல்லாமே பச்சைப் புள்ளிதான். சைவமா, அசைவமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். பாலூட்டியிலிருந்து வந்ததா என்ற கேள்வியை அந்தப் புள்ளியிடம் யாரும் கேட்டதே இல்லை.

சரி, இவர்கள் பால் சாப்பிடவே கூடாதா? அப்படியும் இல்லை. ஆல்ஃபா-கேல் உள்ளவர்களில் பெரும்பாலானோர் பாலைத் தாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்குத்தான் அதுவும் ஆகாது, அதிலும் ஐஸ்கிரீம் மாதிரி கொழுப்பு மிகுந்தவை அதிகம் தொல்லை தரும். நன்றாக இருக்கும் ஒருவர் பயத்தில் தானாகப் பாலை நிறுத்துவதும் தப்பு, இறைச்சியை விட்ட பிறகும் தொல்லை தொடர்கிறவர் பாலைச் சந்தேகப்படாமல் இருப்பதும் தப்பு. அலர்ஜி மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

பசும்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் எருமைப்பால், ஆட்டுப்பால் என்று மாற்றிப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். இங்கே அது உதவாது, மூன்றும் பாலூட்டிதான். லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது, லாக்டோஸ் வேறு, ஆல்ஃபா-கேல் வேறு.

பாலும் ஆகாதவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இன்னொரு குறி. 2022-ல் வந்த வீகன் உணவு விதிமுறைகளின்படி, பச்சைச் சதுரத்துக்குள் இலை முளைத்த 'வி' எழுத்து. பால், நெய், தேன் எதுவும் அதில் சேரக் கூடாது. கடைகளில் இது இன்னும் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

பொடி எழுத்தில் என்ன இருக்கிறது?

குறியைத் தாண்டி மூலப்பொருள் பட்டியலைப் படிக்கலாமே என்றால், அங்கே ஒரு பெரிய தடை. லேபிளில் கட்டாயமானது ஆங்கிலம் அல்லது இந்தி மட்டும். தமிழ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குற்றமில்லை. கோயில் வாசலில் பேத்திக்கு மிட்டாய் வாங்கும் பாட்டி அந்தப் பொடி எழுத்தை எப்படிப் படிப்பார்? படிக்கத் தெரிந்தவர்களுக்கே செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. அந்த போட்டோவை ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு அனுப்பிக் கேட்பதுதான் இப்போதைக்கு வழி.

தேட வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். 'ஜெலட்டின்', 'டாலோ', 'லார்ட்', 'அனிமல் ஃபேட்' என்று இருந்தால் பாக்கெட்டை வைத்துவிடலாம். பாலும் ஆகாதவர்கள் 'மில்க் சாலிட்ஸ்', 'வே பவுடர்', 'கேசினேட்', 'பட்டர் ஆயில்', 'கீ', 'கோவா' ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். கடைசியில் இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பால் விஷயத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. அலர்ஜி தரும் எட்டு வகைகளைத் தனியாக 'கன்டெயின்ஸ்' என்று போட்டுச் சொல்ல வேண்டும் என்கிறது 2020 லேபிள் விதிமுறை. பசையம் உள்ள தானியம், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், கடலை-கொட்டை வகைகள், சோயா, சல்ஃபைட். அந்த ஒரு வரியில் 'மில்க்' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பாலூட்டி இறைச்சியும் ஜெலட்டினும் இந்த எட்டில் இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது எண்கள். 'ஐ.என்.எஸ் 471' என்பது கொழுப்பிலிருந்து செய்யும் ஒரு சேர்மம், தாவரத்திலிருந்தும் வரும், விலங்கிலிருந்தும் வரும். பச்சைக் குறி உள்ள பாக்கெட்டில் அது தாவர வகையாகத்தான் இருக்க வேண்டும். குறியே இல்லாத வெளிநாட்டு பாக்கெட்டில் எதுவாகவும் இருக்கலாம். 440 என்றால் பெக்டின், பழத்திலிருந்து எடுப்பது, பயமில்லை. 322 லெசித்தின், பெரும்பாலும் சோயா.

எண்ணுக்குப் பின்னால் எந்த விலங்கு ஒளிந்திருக்கிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், உணவில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்பதை, எவ்வளவு குறைந்த அளவாக இருந்தாலும், வெறும் எண்ணாக இல்லாமல் முழுதாகத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு அது. வாதமெல்லாம் மத நம்பிக்கையையும் உணவுக் கொள்கையையும் பற்றியதுதான். அந்த உத்தரவு அலர்ஜிக்காரர்களுக்கும் பயன்படுவது கூடுதல் லாபம்.

எல்லாம் சரி, ஒரு ரூபாய் மிட்டாய்? அதன் தாளில் பட்டியலே இருக்காது. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத சிறிய உறைகளுக்கு மூலப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. அந்த விவரம் மொத்தமாக வரும் பெரிய பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஆகவே கடைக்காரரிடம், "அண்ணே, அந்தப் பெரிய கவரைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. பாட்டிலில் கொட்டிவிட்டு கவரைத் தூக்கிப்போட்டிருந்தால், அந்த மிட்டாய் வேண்டாம்.

சூட்கேஸில் வரும் சாக்லேட்

உண்மையில் நம் வீடுகளில் பெரிய ஆபத்து பெட்டிக்கடையிலிருந்து வருவதைவிட விமானத்தில்தான் வருகிறது. சிங்கப்பூர் சித்தப்பா, துபாய் மாமா, டல்லாஸ் அத்தை கொண்டுவரும் கம்மி கரடிகளிலும் மார்ஷ்மெல்லோவிலும் பச்சையும் இருக்காது, பழுப்பும் இருக்காது. ஜெலட்டின் என்று மட்டும் போட்டிருந்தால் அங்கே பெரும்பாலும் பன்றி அல்லது மாடு. 'ஹலால்' முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று தெரியும், மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். இந்த அலர்ஜிக்கு இரண்டும் ஒன்றே. மீன் ஜெலட்டின் என்று தெளிவாக எழுதியிருந்தால் ஆல்ஃபா-கேல் பயம் இல்லை, ஆனால் வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஸ்வீட் ஸ்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு லேபிளே கிடையாது. 2020 அக்டோபர் 1 முதல் உதிரி இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். என்ன சேர்த்தது என்று அந்த அட்டையில் இருக்காது. வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. "நெய்யா, டால்டாவா, எண்ணெயா?" என்று கேட்டால் தரத்தைச் சந்தேகப்படுவதாக நினைத்து, "சுத்தமான நெய்தாங்க!" என்று பெருமையாகச் சொல்வார்கள். பாலும் நெய்யும் ஆகாதவருக்கு அந்தப் பதில்தான் 'வேண்டாம்'. எனவே, "டாக்டர் பாலும் நெய்யும் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டாக்டர் பெயரைச் சொன்னால் நம்மூரில் எல்லோரும் உதவுவார்கள்.

பிரசாதம் இன்னும் சங்கடம். மறுத்தால் அபசாரம் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவது பல வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் செய்வதுதான். அதையே இவர்களும் செய்யலாம்.

பயமில்லாமல் சாப்பிட என்ன இருக்கிறது?

நிறைய. கடலையும் வெல்லமும் மட்டும் சேர்ந்த கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு, தேன் மிட்டாய், பொருள்விளங்காய் உருண்டை, தேங்காய் மிட்டாய், பனங்கற்கண்டு.  பஞ்சு மிட்டாய் வெறும் சர்க்கரை, இந்த அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், ரோடமின்-பி சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை விதித்ததே அதே பஞ்சு மிட்டாய்தான். கலர் ஏறியதைத் தொட வேண்டாம்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கேப்சூலின் மேல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், வைட்டமின் கம்மிகளிலும் இருக்கலாம். ஆபரேஷன் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது.

இறைச்சியோ இனிப்போ சாப்பிட்ட சில மணி நேரத்தில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொல்லை தொடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆல்ஃபா-கேலுக்கென்று ரத்தப் பரிசோதனை உண்டு. மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், தலைசுற்றி மயக்கம் என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, 108-க்கு போன் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசிதான், அலர்ஜி மாத்திரை போதாது.

உண்ணி ஒட்டியிருந்தால் ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவதெல்லாம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மாடு, ஆடு, நாய் வளர்க்கும் வீடுகளிலும், மலையடிவாரப் புதர்களில் நடந்துவிட்டு வந்த பிறகும் கணுக்கால், முழங்கால் பின்புறம், இடுப்பைப் பார்ப்பது நல்ல பழக்கம். மீண்டும் மீண்டும் கடிபட்டால் அலர்ஜி கூடும். கடிபடாமல் இருந்தால் சிலருக்கு வருடங்கள் போகப்போகக் குறைகிறது.

கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சிக் கொப்பரையில் எரிவது நெய். வீட்டில் அன்று செய்வது பொரி உருண்டை. பொரி, வெல்லப்பாகு, தேங்காய்ப்பல், ஏலக்காய். இதில் பாலூட்டி எங்கே என்று கேட்கலாம். உருண்டை பிடிக்கும்போது ஒட்டாமலிருக்கக் கையில் நெய் தடவிக்கொள்வார்களே, அங்கேதான். நெய்யும் ஆகாதவர் வீட்டில் இருந்தால், கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு பிடியுங்கள். அதுவும் நம் பாட்டிகள் செய்ததுதான், உருண்டை அதே பதத்தில் வரும்.